இரண்டு கையாலும் வாங்கியவன்

"கொடுக்கவும் ஆள் இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தது. ஆனாலும் துப்பாக்கி கைமாறவில்லை." எங்கள் ஐயா மலேயாக் கதையை எப்போது எடுத்தாலும் இந்த வரியில்தான் தொடங்குவார். அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கத்தில் ஐயா என்போம். தொண்டிக் கடற்கரையில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொல்வார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. துப்பாக்கி என்ற சொல்லுக்காகக் கேட்டேன். அதற்கு முன்னால் வரும் இரண்டு சொற்கள், கொடுப்பதும் வாங்குவதும், எனக்கு உறைக்க முப்பது வருடம் ஆயிற்று.

ஐயா 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். மறு வருடமே இந்திய அரசு மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கடைசிக் கடைசியாகப் போனவர்களில் அவர் ஒருவர். பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து காட்டுப் பக்கமாக உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார். 1952இல் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தார். ஊருக்குள் கடைசிவரை அவர் பினாங்குக்காரர்தான். அந்தப் பெட்டியின் அடியில் ஒரு கட்டு நோட்டு இருந்தது. ஜப்பான்காரன் அச்சடித்த பத்து வெள்ளி, அதாவது பத்து டாலர் நோட்டு, முகப்பில் குலை தள்ளிய வாழைமரம். வாழைமர நோட்டு என்றே மலேயாவில் அதற்குப் பெயர். மூன்றரை வருட உழைப்பில் சேர்த்த பணம். 1945 ஆகஸ்ட்டோடு அது வெறும் தாளாகிவிட்டது. அப்பத்தா பலமுறை அடுப்பில் போடப் பார்த்தாள். ஐயா விடவில்லை.

அந்த ஆகஸ்ட்டில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

15ஆம் தேதி ஜப்பான் சக்கரவர்த்தி வானொலியில் பேசினார். அந்தப் பேச்சில் சரணடைகிறோம் என்ற சொல்லே கிடையாது. மலேயாவில் செய்தி வெளியே வரவும் சில நாள் ஆயிற்று. தோட்டத்தில் அவர்களுக்குத் தெரிந்த முதல் அடையாளம், ஒருநாள் விடியற்காலையில் பெரட்டு என்னும் காலை அணிவகுப்பு நடக்கவில்லை என்பதுதான். கொம்பு ஊதவில்லை. ஆளை எண்ண யாரும் வரவில்லை. காவலுக்கு இருந்த எட்டு ஜப்பான் சிப்பாய்கள் தங்கள் குடிசையை விட்டுவிட்டு, ரப்பர்ப் பாளத்துக்குப் புகை போடும் கொட்டகைக்குள் சாமான்களோடு குடியேறியிருந்தார்கள். கனத்த பலகைச் சுவர், ஒரே பெரிய கதவு. ஒளிந்துகொள்ள அந்தத் தோட்டத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை.

அன்று சாயங்காலம் காட்டுப் பக்கமிருந்து இளைஞர்கள் வந்தார்கள். இருபது பேர் இருக்கலாம் என்பார் ஐயா. தொப்பியில் மூன்று சிவப்பு நட்சத்திரம். மலாய்க்காரர்கள் பிந்தாங் தீகா என்று சொல்லும் மூன்று நட்சத்திரக்காரர்கள், மலேயா மக்களின் ஜப்பானிய எதிர்ப்பு சேனை. பெரும்பாலும் சீனப் பிள்ளைகள். ஒரு தமிழ்ப் பையனும் இருந்தான். மூன்றரை வருடம் காட்டுக்குள் கிழங்கும் கீரையும் தின்று, காய்ச்சலில் கிடந்து, பிடிபட்டவர்களைக் கெம்பித்தாய் என்ற ஜப்பான் ராணுவப் போலீசுக்குப் பலி கொடுத்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய தலைவனுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது.

கொட்டகையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சிப்பாய்கள் துப்பாக்கிகளை மூன்று மூன்றாகச் சாய்த்து நிறுத்தியிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. சண்டை போடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. தலைவன் மலாயில் கத்தினான்: ஆயுதத்தைக் கொடுத்துவிடுங்கள், உயிருக்கு நாங்கள் பொறுப்பு. உள்ளே இருந்த சார்ஜன்ட்டும் உடைந்த மலாயில் பதில் சொன்னான்: போர் முடிந்துவிட்டது, சுட மாட்டோம், ஆனால் ஆயுதத்தை இங்கிலீஷ் அதிகாரி வந்தால்தான் கொடுப்போம், எங்களுக்கு உத்தரவு அப்படி.

இங்கிலீஷ் அதிகாரி அந்த நாளில் எங்கே இருந்தான்? பிரிட்டிஷ் படை பினாங்கில் இறங்கியது செப்டம்பர் 3, சிங்கப்பூரில் இறங்கியது செப்டம்பர் 5. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வாரம் மலேயா யார் கையிலும் இல்லை.

இரண்டு இரவு அப்படியே கழிந்தது. கொட்டகைக்குள் தண்ணீர் இல்லை, சோறு இல்லை. இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஓர் ஆள் தேவைப்பட்டது. ஐயாவுக்குக் கடைத்தெரு மலாய் தெரியும், கையில் ஆயுதம் கிடையாது, யார் பக்கத்து ஆளும் கிடையாது. அவர் தலையில்தான் அந்த வேலை விழுந்தது. ஒரு வாளியில் தண்ணீர், இன்னொரு வாளியில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. காட்டுப் பிள்ளைகளுக்கும் அதே கிழங்குதான், லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், எங்கள் ஆட்களுக்கும் அதேதான். அந்த வருடம் மலேயாவில் மரவள்ளியைத் தவிர வேறு எதுவும் இருந்ததாக ஐயா சொல்லி நான் கேட்டதில்லை.

"உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "வெளியே எத்தனை துப்பாக்கி?" என்று சார்ஜன்ட் கேட்பான். இரண்டு கேள்விக்கும் ஐயா வாயைத் திறக்கவில்லை. "சொன்னால் அன்று ராத்திரியே பிணம் விழும் தம்பி" என்றார் என்னிடம். சார்ஜன்ட்டின் பூட்ஸ் வாய் பிளந்து கிடந்ததையும், அதை அவன் மரப்பட்டை நாரால் கட்டியிருந்ததையும் அவர் மறக்கவே இல்லை. கிழங்கை வாங்கும்போது அவன் கை நடுங்கியதாம். அதே கை சில மாதங்களுக்கு முன்னால் பெரட்டுக் களத்தில் ஒரு கிழவரைச் சப்பாத்துக் காலோடு சேர்ந்து அடித்த கை. பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போன கை. அந்த லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இவ்வளவும் தெரிந்துதான் ஐயா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "தண்ணீர் கேட்டான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஈப்போவிலிருந்து ஜப்பான் ராணுவ லாரி வந்தது. துப்பாக்கிகளோடு ஏறிப் போய்விட்டார்கள். காட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் சுடவில்லை. சுட வேண்டாம் என்று தலைவன் சொல்லியிருந்தான். அந்தத் தமிழ்ப் பையன் மட்டும் லாரி மறையும்வரை அழுதுகொண்டு நின்றதாக ஐயா சொல்வார்.

ஏறிப் போனவர்கள் ஏழு பேர். எட்டாவது ஆள் கதையைக் கடைசியில் சொல்கிறேன். ஐயாவும் அதைக் கடைசியில்தான் சொல்வார்.

அந்த லாரி ஏன் ஆயுதங்களோடு போக முடிந்தது என்பது எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. தோற்றவன் துப்பாக்கியோடு போகிறான், ஜெயித்தவன் வெறுங்கையோடு பார்க்கிறான் என்றால் அது என்ன தோல்வி? பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஜப்பான் படைகள் எங்கெங்கே யாரிடம் சரணடைய வேண்டும் என்பதை நேச நாடுகள் முதலாம் பொது உத்தரவு என்ற ஒரே தாளில் எழுதிவிட்டன. சீனாவில் சியாங் கை ஷேக்கிடம், தென்கிழக்கு ஆசியாவில் மவுன்ட்பேட்டனின் தலைமையிடம், பிலிப்பைன்ஸில் அமெரிக்கரிடம் என்று வரிசையாகப் பெயர் இருந்தது. காட்டுக்குள் நின்று போராடியவர்களின் பெயர் அதில் எங்குமே இல்லை. சீனத்தில் மாவோவின் படைக்கும் அதே கதிதான். சிங்கப்பூர் நகர மண்டபத்தில் செப்டம்பர் 12ஆம் தேதி மவுன்ட்பேட்டன் முன்னிலையில் ஜப்பான் ஜெனரல் இடகாகி கையெழுத்துப் போட்டார். கொட்டகைக் கதவுக்கு வெளியே இரண்டு இரவு பனியில் நின்றவனுக்கு அந்த மண்டபத்தில் என்ன வேலை?

ஜப்பான் சிப்பாயின் பக்கமும் பார்க்க வேண்டும். 1941இல் அவர்களுடைய ராணுவம் எல்லாச் சிப்பாய்க்கும் கொடுத்த ஒழுக்கக் கையேட்டில், உயிரோடு பிடிபடும் அவமானத்தை ஏற்காதே என்று எழுதியிருந்தது. போர்க்கைதி என்ற சொல்லே அவர்களுக்கு வசை. போர் முடிந்த பிறகு பிரிட்டிஷார் அவர்களைப் போர்க்கைதி என்று பதியாமல், சரணடைந்த ஜப்பானிய ஆட்கள் என்று தனியாக ஒரு வகை வைத்தார்கள். அந்தப் பெயர் மானத்தைக் காப்பாற்றியது. ஆனால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பைப் பறித்துக்கொண்டு, அவர்களை 1947வரை மலேயாவிலும் பர்மாவிலும் வேலை வாங்கவும் உதவியது. சக்கரவர்த்தியின் உத்தரவு, எதிரி அரசின் முத்திரை, ஒரு மேசை, ஒரு பேனா, இவையெல்லாம் கூடினால்தான் அந்தச் சார்ஜன்ட்டால் கையைத் தூக்க முடியும். கிழிந்த சட்டையோடு காட்டிலிருந்து வந்த ஒரு பையனிடம் தூக்கினால் அவனுடைய கணக்கில் அது சாவைவிட மோசம்.

பயமும் இருந்தது. பயத்தில் நியாயமும் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் ஊர் ஊராகத் தீர்ப்பு நடந்தது. ஜப்பான்காரனுக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் விழுந்தவர்களை இழுத்துக்கொண்டு போய் முடித்தார்கள். குற்றம் செய்தவர்களோடு செய்யாதவர்களும் போனார்கள். இதை மறைத்துவிட்டு அந்தப் பிள்ளைகளைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அன்று சுடாமல் நின்ற தலைவனை நான் பெரிதாக நினைப்பதற்கும் அதுதான் காரணம். சுடுவது அந்த வாரத்தில் மிகச் சுலபம்.

ஐரோப்பாவிலும் இதே முடிச்சு விழுந்திருக்கிறது. 1944 செப்டம்பரில் பிரான்ஸின் தென்மேற்கிலிருந்து ஜெனரல் எல்ஸ்டர் என்ற ஜெர்மன்காரர் கிட்டத்தட்ட 20,000 பேரோடு பின்வாங்கிக்கொண்டிருந்தார். பாலங்களைத் தகர்த்தும் வழிமறித்துச் சுட்டும் அவரைத் திணறடித்தது பிரெஞ்சுத் தலைமறைவுப் போராளிகள். ஆனால் அவர் சரணடைந்தது அமெரிக்கரிடம். லுவார் ஆற்றங்கரை போய்ச் சேரும்வரை போராளிகளிடமிருந்து தற்காத்துக்கொள்ள ஆயுதம் வைத்துக்கொள்ளவும் அவருக்கு அனுமதி கிடைத்தது. செப்டம்பர் 17ஆம் தேதி போஜான்சி பாலத்தடியில் ஒப்படைப்பு நடந்தது. வேட்டையாடியவன் ஒருவன், பங்கு பிரித்துக்கொண்டவன் வேறொருவன். அதைப் படித்த அன்று எனக்கு அந்த ஈப்போ லாரிதான் கண்ணில் நின்றது.

பாரிஸில் ஒரு மாதத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 25ஆம் தேதி, கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. நகரத்து ஜெர்மன் தளபதி சோல்டிட்ஸ், பிரெஞ்சு ராணுவ ஜெனரல் லெக்லேரிடம் சரணடைந்தபோது, தெருவில் சண்டையிட்டவர்களின் தலைவரான ரோல் தாங்கியும் சரணடைவுப் பத்திரத்தின் ஒரு பிரதியில் கையெழுத்திட்டார். அவர் ஓர் உலோகத் தொழிலாளி. சுதந்திர பிரான்ஸின் தலைவர் டி கோல் அதை விரும்பவில்லை.

இந்த வரிசையில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இத்தாலியின் ஜெனோவா. அதுவும் கடற்கரை ஊர், பெரிய துறைமுகம். 1945 ஏப்ரலில் அங்கே ஜெர்மன் படைக்குத் தலைவர் ஜெனரல் குந்தர் மைன்ஹோல்ட். துறைமுகத்தில் வெடி வைத்திருந்தார்கள். தேவைப்பட்டால் மொத்தத்தையும் தகர்த்துவிட்டுப் போகலாம் என்பது ஏற்பாடு. நகரத்துக்குப் பின்னால் மலை, மலைப்பாதை முழுவதும் போராளிகள் கையில். அமெரிக்கப் படை வந்து சேரவில்லை. ஏப்ரல் 23ஆம் தேதி இரவு நகரத்தின் தேசிய விடுதலைக் குழு எழுச்சிக்கு முடிவு செய்தது. மறுநாள் தெருத்தெருவாகச் சண்டை. நகரத்தைக் குண்டு போட்டுத் தரைமட்டமாக்குவேன் என்ற மிரட்டலும் வந்தது. போராளிகள் அசையவில்லை. ஜெனரலுக்கு வெளியேற வழியும் இல்லை.

வில்லா மிகோனே என்ற வீட்டில் அப்போது கர்தினால் பொயெட்டோ தங்கியிருந்தார். அவர் நடுவில் நின்று பேச்சுக்கு இடம் ஏற்பாடு செய்தார். 25ஆம் தேதி மைன்ஹோல்ட் அங்கே வந்தார். மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ரெமோ ஸ்காப்பினி. விடுதலைக் குழுவின் தலைவர், கம்யூனிஸ்ட், தொழிலாளி, முசோலினியின் சிறையில் பல வருடம் கிடந்தவர். சீருடை கிடையாது, பதவிப் பட்டை கிடையாது, பின்னால் ஓர் அரசாங்கம் கிடையாது. இரவு ஏழரை மணிக்குக் கையெழுத்தாயிற்று. ஜெனோவாப் பகுதியில் தரையிலும் கடலிலும் உள்ள ஜெர்மன் படைகள் அனைத்தும் போராளிகளின் தன்னார்வ விடுதலைப் படையிடம் சரணடைகின்றன என்பதுதான் பத்திரத்தின் முதல் விஷயம். துறைமுகத்திலிருந்த கடற்படை ஆட்கள் மறுநாள்வரை முரண்டு பிடித்தார்கள். நகரத்தில் மட்டும் சுமார் 6000 பேர் பிடிபட்டார்கள். நேச நாட்டுப் படை 27ஆம் தேதி வந்து சேர்ந்தபோது நகரம் விடுபட்டிருந்தது, துறைமுகம் நின்றுகொண்டிருந்தது, கைதிகள் உயிரோடு இருந்தார்கள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஆறாயிரம் பேருக்குச் சோறும் காவலும் கொடுக்க வேண்டும். அதைவிடக் கடினம், நேற்றுவரை தம்பியையும் மகனையும் பறிகொடுத்த தங்கள் ஆட்களிடமிருந்தே அவர்களைக் காப்பாற்ற வேண்டும். சரணடைகிறவன் ஒரு கணம் கையைத் தூக்கினால் முடிந்தது. வாங்கிக்கொண்டவனின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வடக்கு இத்தாலி முழுவதும் அந்த வாரம் ரத்தப்பழி தீர்ப்பு ஏராளமாக நடந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் ஒரு தொழிலாளி போட்ட கையெழுத்து செல்லுபடி ஆயிற்று.

போர்ச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடினேன். 1907 ஹேக் விதிகளிலேயே, ஆயுதத்தைப் போட்டுவிட்டுச் சரணடைந்தவனைக் கொல்லக் கூடாது, ஒருவரையும் உயிரோடு விடமாட்டோம் என்று அறிவிக்கவும் கூடாது என்று இருக்கிறது. அரசு ராணுவம் அல்லாத படைக்கு நான்கு நிபந்தனை வைத்தார்கள்: பொறுப்பான தலைவன், தூரத்திலிருந்து தெரியும் அடையாளம், வெளிப்படையாக ஏந்திய ஆயுதம், போர் விதிகளை மதித்தல். மூன்று நட்சத்திரத் தொப்பியை நினைத்துப் பார்த்தேன். தூரத்திலிருந்து தெரியத்தான் செய்யும். ஆனால் அன்னியர் பிடித்துக்கொண்ட நாட்டுக்குள்ளேயே எழும் எதிர்ப்பு இயக்கத்தைப் பெயர் சொல்லி ஏற்றது 1949 ஜெனீவா ஒப்பந்தம்தான். அவர்கள் பிடிபட்டாலும் போர்க்கைதிகளே, சுட்டுத்தள்ளும் கொள்ளைக்காரர்கள் அல்ல என்று அப்போதுதான் எழுத்தில் வந்தது. போலந்தின் வார்சா எழுச்சிக்காரர்கள் 1944 அக்டோபரில் ஜெர்மானியரிடம் தோற்றுச் சரணடைந்தபோது இந்த ஒரு வரிக்காகவே பேரம் பேசி வாங்கினார்கள்.

ஐயாவின் தம்பியை, எங்கள் சின்ன ஐயாவை, இங்கே விட்டுவிட முடியாது. அவரும் மலேயாவில்தான் இருந்தார். 1943இல் நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஊர்களில் தேடினால் அப்படி ஒருவர் இல்லாத தெருவே அந்தக் காலத்தில் கிடையாது. 1945 ஏப்ரல் கடைசியில் அவர் ரங்கூனில் இருந்தார். ஜப்பானியர் நகரத்தைக் கைவிட்டு ஓடினார்கள், 24ஆம் தேதி நேதாஜியும் வெளியேறினார். போகும்போது மேஜர் ஜெனரல் லோகநாதனிடம் சுமார் 6000 வீரர்களை விட்டுவிட்டுப் போனார். லோகநாதன் தமிழர், மருத்துவர், கொஞ்ச காலம் அந்தமானுக்குத் தலைமை ஆணையராக இருந்தவர். ரங்கூனில் அவருக்குக் கொடுத்த வேலை சண்டை போடுவது அல்ல. பிரிட்டிஷார் வரும்வரை நகரத்தில் கொள்ளை நடக்காமல், இந்தியர்களின் உயிருக்கும் கடைக்கும் வீட்டுக்கும் காவல் நிற்பது. வந்ததும் ஆயுதத்தை ஒப்படைப்பது. அந்தச் சில நாளில் ரங்கூன் சிறையில் இருந்த நேச நாட்டுக் கைதிகள், ஜப்பானியர் போய்விட்டார்கள் என்று கூரையில் பெரிய எழுத்தில் எழுதி, மேலே பறந்த விமானங்களுக்குக் காட்டினார்கள்.

மே 3ஆம் தேதி கடல் வழியாக நகரத்துக்குள் வந்தது 26ஆவது இந்திய டிவிஷன். சின்ன ஐயா தன்னுடைய துப்பாக்கியைக் கொண்டுபோய் வைத்த இடத்தில், எண்ணிப் பதிந்துகொண்டிருந்தவனும் இந்தியச் சிப்பாய். "எந்த ஊர் என்று கேட்டான். ராமநாதபுரம் ஜில்லா என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டான்" என்பார். கசப்பாக இல்லை, ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொல்வார். அண்ணன் தம்பி இருவரும் திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்து இந்த இரண்டு கதையையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ஒருவர் ஒப்படைத்தவர். மற்றவர் ஒப்படைப்பு நடக்காமல் போனதைப் பார்த்தவர்.

மூன்று நட்சத்திரக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? 1945 டிசம்பர் 1ஆம் தேதி அவர்களே ஆயுதத்தை வைத்தார்கள், பிரிட்டிஷாரிடம். அணிவகுப்பு, பதக்கம், துப்பாக்கி கொடுத்த ஆளுக்கு 350 வெள்ளி. மூன்று வருடத்துக்குள் அதே ஆட்களில் பலர் மறுபடியும் காட்டுக்குள் போனார்கள், இந்த முறை பிரிட்டிஷாருக்கு எதிராக. வாங்க முடியாமல் போன சரணும் கொடுக்க வேண்டியிருந்த சரணும் அந்த மனத்தில் என்ன செய்திருக்கும் என்று அந்த இருபத்திரண்டு வயதுக்காரனை நினைத்து நான் வருந்தாத நாள் குறைவு.

ஆனி மாதம் வந்தால் ஐயா என்னை ராமேஸ்வரம் கூட்டிப் போவார். பாம்பனில் பஸ் போகும் பாலம் வந்தது 1988இல்தான். அதற்கு முன்பு ரயிலில்தான் கடலைக் கடக்க வேண்டும். ராமநாதசுவாமி கோவில் பிரதிஷ்டை விழாவில் ஒருநாள், தனுஷ்கோடி போகும் வழியில் இருக்கும் கோதண்டராமர் கோவிலில் விபீஷண பட்டாபிஷேகம் நடக்கும். 1964 புயலில் தனுஷ்கோடியே போன பிறகும் நின்ற கோவில் அது. எதிரியின் தம்பி நான்கு பேரோடு கடல் தாண்டி வந்து சரண் என்று நின்ற இடம் அந்த மணல்தான் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. வந்தவன் ஒற்றன், கொன்றுவிடலாம் என்று சுக்ரீவன் சொன்னதும், ஏற்கலாம் என்று அனுமன் சொன்னதும் எல்லாருக்கும் தெரியும். ஐயா வேறொன்றைக் காட்டுவார். "வாங்கினவன் கையில் அன்றைக்கு என்ன இருந்தது? நாடு உண்டா, படைவீடு உண்டா? மரவுரியும் குரங்குக் கூட்டமும்தானே? அவன் சொன்ன அபயத்தை வந்தவன் நம்பினான் பார்." கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டு என் காதருகே குனிந்து சொல்வார். சந்நிதியில் எல்லாரும் கும்பிடுகிற நேரத்தில் அவர் மட்டும் உள்ளங்கை இரண்டையும் மேல்நோக்கி ஏந்திக்கொண்டு நிற்பார். பிச்சை கேட்பதுபோல இருக்கும். சின்ன வயதில் எனக்கு அது ஒன்றும் புரியவில்லை.

1990 ஜனவரியில் நான் கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தேன். ஐயாவுக்குக் கண் மங்கிவிட்டது, செய்தித்தாளை நான்தான் வாசித்துக் காட்டுவேன். முந்தைய டிசம்பரில் தாய்லாந்தின் ஹட்யாய் நகரத்தில் மூன்று நட்சத்திரக்காரர்களை நடத்திய மலேயா கம்யூனிஸ்ட் கட்சியும் மலேசிய, தாய்லாந்து அரசாங்கங்களும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டிருந்தன. காட்டிலிருந்து வெளியே வந்தவர்களில் இரண்டு ஜப்பானியரும் இருந்தார்கள். 1945இல் ஊர் திரும்பாமல் காட்டுக்காரர்களோடு போய்ச் சேர்ந்தவர்கள். எழுபது வயதைத் தாண்டி இப்போதுதான் ஜப்பான் திரும்புகிறார்கள். இவ்வளவுதான் செய்தி. ஐயா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு வயதைக் கேட்டார். மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இல்லை, இவர்கள் மூத்தவர்கள். அவனுக்குப் பத்தொன்பதுதான் இருக்கும்" என்றார்.

எட்டாவது ஆளைப் பற்றி அன்றுதான் முழுதாகச் சொன்னார்.

லாரி வந்த நாளின் விடியற்காலை, கருக்கல் விலகாத நேரம். ஐயா தண்ணீர் வாளியோடு கொட்டகைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். பின்பக்கப் பலகை ஒன்றைத் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் இளைய சிப்பாய் வெளியே வந்தான். காய்ச்சலில் இருந்தவன், நடை தள்ளாடியது. துப்பாக்கியை இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே கிடத்தி, தட்டு ஏந்துவதுபோல முன்னால் நீட்டிக்கொண்டு, ரப்பர் மர வரிசைக்கு நடுவே நேராகக் காட்டுப் பிள்ளைகளை நோக்கி நடந்தான். அத்தனை பேரும் அவன்மேல் குறிவைத்தார்கள். ஒருவன் ஏதோ கத்தினான். அவனுடைய அண்ணனை ஜப்பான்காரர்கள் கொன்றிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சிப்பாய் நிற்கவில்லை.

தலைவன் எழுந்தான். தன் துப்பாக்கியைத் தோளிலிருந்து கழற்றிப் பக்கத்திலிருந்த தமிழ்ப் பையனிடம் கொடுத்தான். வெறுங்கையோடு பத்தடி முன்னால் வந்து, வந்தவனுக்கும் தன் ஆட்களுக்கும் நடுவில், குறி விழுகிற இடத்தில் நின்றான். இரண்டு கையையும் ஏந்தினான்.

"இப்படி" என்று ஐயா திண்ணையிலிருந்து இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கை மேலே. பால்கத்தி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தன. மடியில் கிடந்த செய்தித்தாள் கடற்காற்றில் பறந்து முற்றத்தில் விழுந்தது. நான் எழுந்து எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவர் கையை மடக்கியிருக்கவில்லை.